ஹூவர்: சுரங்கத்திலிருந்து அமைச்சரவைக்கு

வாசகர் எழுப்பிய கேள்வி, ஜனவரி 4

துறை தெரியாதவர்களைத் துறைக்கு அமைச்சராக்குவதுதான் நம் நாட்டைப் பிடித்த நோய் என்பது என் கட்சி. அமெரிக்காவில் ஹெர்பர்ட் ஹூவர் என்ற சுரங்கப் பொறியாளர் வணிகத்துறை அமைச்சராகி, தூங்கிக் கிடந்த ஓர் அலுவலகத்தையே நாட்டின் எஞ்சினாக மாற்றினார். அவரைப் போன்ற பொறியாளர்களை இங்கும் அமைச்சராக்கினால் என்ன? கோலார் தங்கவயல்காரர் யாராவது இருந்தால் பதில் சொல்லலாம்.

ஜனவரி 4, இரவு

தங்கவயல்காரர் என்று கூப்பிட்டுவிட்டதால் வந்தேன். முதலில் நடைமுறை வேறுபாடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றத்தின் உறுப்பினர் ஒருவர் அந்தப் பதவியில் இருந்துகொண்டே அமைச்சராக முடியாது. அதிபர் பெயரைச் சொல்வார், செனட் ஒப்புதல் தரும், அவ்வளவுதான். நம் அரசியல் சாசனத்தின் 75ஆவது பிரிவோ, ஆறு மாதத்துக்குள் நாடாளுமன்ற உறுப்பினராகாதவர் அமைச்சராகத் தொடர முடியாது என்கிறது. ஹூவர் 1928 அதிபர் தேர்தலுக்கு முன்பு எந்தத் தேர்தலிலும் வென்று பதவிக்கு வந்தவர் அல்லர். அவரை நியமித்தவர்களும் அவர் பேசிப் பழகியவர்களும் ஏறக்குறைய ஒரே தட்டைச் சேர்ந்தவர்கள். இது அவருடைய வேலையில் எப்படித் தெரிந்தது என்பதைத்தான் நான் எழுத நினைக்கிறேன்.

என்னைப் பற்றி: தங்கவயலின் சாம்பியன் ரீஃப் பகுதியில் பிறந்தேன்; 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்படும் வரை மாதிரி எடுக்கும் பிரிவில் இருந்தேன்; அதன்பின் பெங்களூரு கிருஷ்ணராஜபுரத்தில் குடியிருக்கிறேன்.

ஜனவரி 6

ஹூவர் 1874இல் அயோவா மாநிலத்தின் வெஸ்ட் பிராஞ்ச் என்ற சிற்றூரில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். பத்து வயது நிறைவதற்குள் தாயும் தந்தையும் இறந்துவிட, ஆரிகனில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1891இல் திறந்தபோது முதல் அணியில் சேர்ந்து, 1895இல் நிலவியலில் பட்டம் பெற்றார். வேலை கிடைக்காததால் கலிபோர்னியாவின் நெவாடா சிட்டிப் பக்கத்துச் சுரங்கத்தில் தாதுவண்டி தள்ளினார். பின்னாளில் அவருடைய ஆதரவாளர்கள் இதைப் பெரிதாகப் பேசினார்கள். வண்டி தள்ளியது உண்மைதான், ஆனால் சில மாதங்களே தள்ளினார். சுரங்கத்தில் வண்டி தள்ளியவனுக்கும், தள்ளிவிட்டு வெளியேறும் வழி தெரிந்தவனுக்கும் உள்ள தொலைவைத் தங்கவயலின் தொழிலாளர் லைன் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1897இல் லண்டனைச் சேர்ந்த பெவிக், மோரிங் நிறுவனம் அவரை மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயதுகூட ஆகவில்லை. லியனோரா அருகே சன்ஸ் ஆஃப் குவாலியா என்ற சுரங்கத்தை வாங்கலாம் என்று பரிந்துரைத்தார். அடுத்த ஆண்டே அதன் மேலாளரானார். பரிந்துரை பொய்க்கவில்லை, அந்தச் சுரங்கம் 1963 வரை ஓடியது. ஆனால் மேலாளராக அவர் முதலில் கை வைத்தது கூலியில்தான். வார வேலை நேரத்தைக் கூட்டினார். ஞாயிற்றுக்கிழமை இரட்டைச் சம்பளத்தை நிறுத்தினார். ஒருவர் கம்பியைப் பிடிக்க இன்னொருவர் சம்மட்டி அடிக்கும் முறையை மாற்றி, ஒரே ஆள் ஒரு கையில் கம்பியும் மறு கையில் சம்மட்டியுமாகத் துளையிட வேண்டும் என்றார். எதிர்ப்பு வந்தபோது இத்தாலியத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்.

ஒற்றைக் கையால் துளையிடுவது என்றால் என்ன என்று அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாறையில் கம்பியை வைத்து ஒவ்வோர் அடிக்கும் அதைச் சிறிது திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் கம்பி சிக்கிக்கொள்ளும். அடிக்கும் கையும் திருப்பும் கையும் ஒரே உடம்பில் இருந்தால், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், தலைக்கு மேலுள்ள பாறையில், தூள் கண்ணிலேயே விழும். பங்காளி இருந்தால் ஓர் ஆள் ஓய்வெடுக்கலாம், பேச்சுத்துணையும் உண்டு. செலவுக் கணக்கில் இந்த இரண்டும் தெரியாது.

ஜனவரி 7

மேற்கண்ட குறிப்பின் தொடர்ச்சி. 1899இல் மணமுடித்துச் சீனாவுக்குப் போனார். மனைவி லூ ஹென்றியும் ஸ்டான்ஃபோர்டில் நிலவியல் படித்தவர். 1900இல், வெளிநாட்டவரை எதிர்த்து எழுந்த பாக்ஸர் கிளர்ச்சியின்போது, இருவரும் தியென்ட்சின் நகர முற்றுகையில் சிக்கினார்கள். அந்தக் குழப்பத்துக்கு நடுவே கைப்பிங் நிலக்கரிச் சுரங்கங்கள் சீனர் கையிலிருந்து வெள்ளையர் நிறுவனத்தின் கைக்கு மாறின. சீனத் தரப்புக்கு எழுதிக்கொடுத்த உறுதிமொழி பின்னர் காற்றில் போனது. சுரங்கத் தலைவரான சாங் யென்-மாவ் லண்டனுக்கே சென்று வழக்குத் தொடுத்தார். 1905இல் நீதிமன்றம் உறுதிமொழி செல்லும் என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஹூவர் அந்த வழக்கில் சாட்சி சொன்னார். 1901இலேயே அவர் பெவிக், மோரிங் நிறுவனத்தின் பங்காளியாகியிருந்தார்.

1908இல் தனியாகப் பிரிந்து, நொடித்த சுரங்கங்களை நிமிர்த்தும் ஆலோசகரானார். பர்மாவின் ஷான் மலைப்பகுதியில் இருந்த பாட்வின் வெள்ளி, ஈயச் சுரங்கம் அவருக்குப் பெரும் செல்வம் தந்தது. அன்று பர்மா பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இருந்தது என்பதை நினைவில் வையுங்கள். நாற்பது வயதில் பணம் சேர்க்கும் வேலை அவருக்கு முடிந்துவிட்டது. 1914இல் போர் வந்ததும் பெல்ஜியத்துக்கு உணவு அனுப்பும் குழுவைத் தொடங்கி நடத்தினார். 1917இல் அமெரிக்க உணவு நிர்வாகியானார். லட்சக்கணக்கானோர் உயிர் பிழைத்தது அவரால்தான். அரசுச் சம்பளத்தை அவர் தமக்கென்று வைத்துக்கொண்டதில்லை.

ஜனவரி 9

"ஹூவருக்கும் கோலாருக்கும் என்ன சம்பந்தம்? கோலாரை நடத்தியது ஜான் டெய்லர் கம்பெனி அல்லவா?" என்று ஒயிட்ஃபீல்டு நண்பர் கேட்டிருக்கிறார். 1880 முதல் நடத்தியது ஜான் டெய்லர் அண்டு சன்ஸ்தான், அதில் மறுப்பில்லை. ஆனால் ஹூவரின் 1909 சுரங்கப் பாடநூலில் கோலார் வருகிறது. கோலாரின் சுரங்கங்களையும் ஆஸ்திரேலியச் சுரங்கங்களையும் அருகருகே வைத்து, எத்தனை ஆட்கள், எத்தனை டன், டன்னுக்கு எவ்வளவு செலவு என்று அட்டவணை போட்டிருக்கிறார். கோலாரில் கூலி மிகமிகக் குறைவு; ஆனாலும் டன் கணக்கில் பார்த்தால் மலிவு இல்லை என்பது அவர் முடிவு. மண் அள்ளுவது, வண்டி தள்ளுவது போன்ற எளிய வேலையில்கூட ஒரு வெள்ளையர் இரண்டு மூன்று கறுத்தவருக்குச் சமம் என்றும், நுட்ப வேலையில் ஏழு பேருக்குச் சமம் என்றும் எழுதுகிறார்.

வட ஆற்காட்டிலிருந்து வந்து இறங்கிய என் கொள்ளுப்பாட்டனார் அந்த அட்டவணையின் ஆள்கணக்கில் ஒருவராக இருந்திருக்கக்கூடும். கோபத்தை ஓரம் வைத்துவிட்டு, தொழில் தெரிந்தவனாகவே இதற்குப் பதில் சொல்கிறேன். எங்கள் ரீஃப், அதாவது தங்கம் ஓடும் பாறைப்பட்டை, குறுகலானது, செங்குத்தாக இறங்குவது, ஆழம் கூடக் கூட வெப்பமும் பாறைவெடிப்பும் கூடும். அகலமான தாதுப்படிவத்தில் ஓர் ஆள் பெயர்க்கும் டன்னை இடுப்பளவு இடைவெளியில் யாராலும் பெயர்க்க முடியாது. அதைவிட முக்கியம், நாள்கூலி சில அணா என்னும்போது இயந்திரம் வாங்கக் கம்பெனிக்கு என்ன அவசரம்? இயந்திரம் இல்லாததால் ஆள் அதிகம். ஆள் அதிகம் என்பதால் டன் கணக்கு குறைவு. டன் கணக்கு குறைவு என்பதால் அந்த இனமே மட்டம். காரணத்தை விளைவாகவும் விளைவைக் காரணமாகவும் மாற்றிப் போட்டிருக்கிறார் ஹூவர். இத்தனைக்கும் அவர் கணக்கில் புலி.

ஜனவரி 10

"அந்தக் காலத்தில் எல்லாருமே அப்படித்தான் எழுதினார்கள்" என்று இருவர் சொல்லியிருக்கிறீர்கள். எல்லாரும் எழுதியிருக்கலாம், எல்லாரும் பிறகு அமைச்சராகவில்லை.

ஜனவரி 11

நேற்றைய குறிப்பு குத்தலாக முடிந்துவிட்டது, ஆகவே அதே நூலின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தொழிற்சங்கம் என்பது கட்டற்ற முதலாளித்துவ அமைப்புக்கு இயல்பான, முறையான மாற்று மருந்து என்று எழுதியவரும் அதே ஹூவர்தான். தொழிலாளியை மிதித்து நடத்தும் காலம் மறைந்துவருகிறது, முதலாளி இதை எவ்வளவு விரைவில் உணர்கிறாரோ அவ்வளவு நல்லது என்றும் எழுதினார். குவாலியாவில் செய்ததற்கும் இதற்கும் இடையே பத்தாண்டு இடைவெளி. மனம் மாறினாரா, அல்லது கீழே இறங்காமல் லண்டனில் உட்கார்ந்து எழுதும்போது பெருந்தன்மை எளிதாயிற்றா என்று எனக்குள்ளேயே இரண்டு கட்சி இருக்கிறது.

சங்கம் என்று அவர் மனத்தில் வைத்திருந்தது யாருடைய சங்கம் என்பதும் கேள்விதான். கோலார் அட்டவணைக்குப் பக்கத்தில் அந்த வாக்கியம் இல்லை.

ஜனவரி 13

இனி அமைச்சர் ஹூவர். 1921 மார்ச்சில் அதிபர் ஹார்டிங் அவரை வணிகத்துறைக்கு நியமித்தார். அடுத்து வந்த அதிபர் கூலிட்ஜ் ஆட்சியிலும் தொடர்ந்து 1928 ஆகஸ்ட் வரை இருந்தார். ஏறத்தாழ ஏழரை ஆண்டு. ஏழரை என்றதும் நம்மவர்கள் சனியை நினைப்பார்கள். அவரைப் பொறுத்தவரை சனி அதற்குப் பிறகு வெள்ளை மாளிகையில்தான் காத்திருந்தது. "வணிகத்துறைக்கு அமைச்சர், மற்ற எல்லாத் துறைக்கும் துணை அமைச்சர்" என்று அவரைக் கேலி செய்தார்கள். எந்தக் கோப்பு எங்கே இருந்தாலும் அது கடைசியில் அவர் மேசைக்கு வந்து சேரும்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி செங்கல்தான். தெருவில் பாவும் செங்கல் மட்டும் 66 அளவுகளில் செய்யப்பட்டு வந்தது. அமைச்சர் சட்டம் எதுவும் போடவில்லை. செங்கல் செய்கிறவர்களையும் வாங்குகிறவர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து, எந்த அளவு விற்கிறது, எது கிடங்கில் தூங்குகிறது என்ற கணக்கை அவர்கள் முன்னால் வைத்தார். 66 என்பது முதல் சுற்றிலேயே 11 ஆனது. பால் பாட்டில், மெத்தை, கட்டில் என்று பட்டியல் நீண்டது. ஒரு கடையில் வாங்கிய நட்டு இன்னொரு கடையில் வாங்கிய போல்ட்டில் ஏறாத துன்பத்தை பெங்களூரு ஜே.சி. ரோட்டில் உதிரிபாகம் தேடி அலைந்த எவரும் அறிவார். அந்தத் துன்பத்தை ஒரு தேசியப் பிரச்சினையாகப் பார்க்க சுரங்கத்தில் வேலை செய்த ஓர் ஆள் வேண்டியிருந்தது. பம்புக்கு வாஷர் பொருந்தாவிட்டால் சுரங்கத்தில் தண்ணீர் ஏறிவிடும், ஷிஃப்ட்டே நின்றுபோகும்.

எஃகு ஆலைகளில் அப்போது பன்னிரண்டு மணி நேர வேலை நாள். ஹூவர் ஆலை முதலாளிகளை ஹார்டிங்கோடு உட்காரவைத்தார். பொறியாளர் சங்கங்கள் மூலம் ஆய்வு செய்வித்து, எட்டு மணி நேரம் கட்டுப்படியாகும் என்று காட்டினார். செய்தித்தாள்களில் கடிதங்கள் வெளிவரச் செய்தார். 1923 கோடையில், ஹார்டிங் இறப்பதற்குச் சற்று முன்பு, எஃகு நிறுவனங்கள் இறங்கிவந்தன. குவாலியாவில் வேலை நேரத்தைக் கூட்டியவரே பிட்ஸ்பர்க்கில் குறைக்கவைத்தார் என்பதைப் பதிவு செய்யாமல் போனால் அது நியாயமாகாது.

ஜனவரி 14

வானொலியைப் பற்றி மும்பை மாதுங்காவிலிருந்து ஓர் அம்மையார் கேட்டிருந்தார். 1922 முதல் 1925 வரை ஆண்டுதோறும் மாநாடு கூட்டி, அலைவரிசைச் சண்டையை நிலைய உரிமையாளர்களுக்குள்ளேயே பேசித் தீர்க்கப் பார்த்தார். 1926இல் நீதிமன்றம் அவருக்கு அந்த அதிகாரமே இல்லை என்றது. ஆளாளுக்கு விரும்பிய அலைவரிசையில் ஒலிபரப்பத் தொடங்க, 1927இல் சட்டம் வந்தது. விமானத்துறைக்கும் 1926இல் ஒரு சட்டம் வந்தது. இரண்டிலும் அவர் பாணி ஒன்றுதான்: சம்பந்தப்பட்டவர்களைக் கூட்டு, கணக்கை வை, அவர்களே ஒப்புக்கொள்ளட்டும்.

ஜனவரி 17

நான் சொல்ல வந்த இடம் கொலராடோ ஆறு. ஏழு மாநிலங்கள் ஒரு நதிக்கு அடித்துக்கொண்டன. ஹூவர் குழுவுக்குத் தலைமை தாங்கி, 1922 நவம்பர் 24இல் சாண்டா ஃபேயில் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். மாநிலவாரியாகப் பங்கு போட முடியாது என்று தெரிந்ததும், மேல் படுகை, கீழ் படுகை என்று இரண்டாகப் பிரித்து, படுகைக்கு ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி (ஓர் ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி) என்று எழுதினார்கள். அரிசோனா 1944 வரை ஒப்புதல் தரவில்லை. ஆனால் அந்தப் பூட்டு உடைந்ததால்தான் பெரிய அணை கட்டும் வழி திறந்தது.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். மாதிரி எடுப்பது என்றால், ரீஃபின் குறுக்கே ஒரு பக்கச் சுவரிலிருந்து மறு பக்கச் சுவர் வரை உளியால் ஒரே ஆழத்தில் ஒரு பள்ளம் வெட்டி, தெறிக்கும் சில்லுகளைக் கித்தான் துணியில் பிடிக்க வேண்டும். கெட்டியான குவார்ட்ஸ் உளிக்கு வளைந்துகொடுக்காது, பக்கத்து மெல்லிய பாறை எளிதாக உதிரும். கவனமில்லாதவன் எளிதாக உதிர்வதையே அதிகம் பிடித்துவிடுவான், கணக்கு தவறிவிடும். பிடித்ததை நொறுக்கிக் கூம்பாகக் குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் பங்கை எடுத்து, மீண்டும் குவித்து, கடைசியில் ஒரு பை நிறையச் சீட்டோடு கட்டி, தங்கம் எவ்வளவு என்று சோதிக்கும் அசே அலுவலகத்துக்கு அனுப்புவோம். எப்போதாவது ஒரு பையில் கண்ணுக்குத் தெரியும் தங்கத் துணுக்கு மாட்டிவிடும். அந்த ஒரு மதிப்பீடு வந்ததும் மேலே உள்ளவர்களுக்கு முகம் மலரும். பழுத்த மேலதிகாரியோ அதைப் பார்த்ததும் பேனாவை எடுத்து அடித்துவிட்டு, அந்த இடத்தில் மறுபடி வெட்டச் சொல்வார். ஒரு பணக்காரப் பையை நம்பி ஷாஃப்ட் (சுரங்கத்தின் செங்குத்துக் குழி) இறக்கினால் கம்பெனி போண்டி.

இந்தப் பாடத்தை ஹூவரைவிட நன்றாக எழுதியவர்கள் குறைவு. மிகையான மதிப்பீடுகளை எப்படி நடத்துவது என்று அவர் பாடநூலே பேசுகிறது. லண்டனில் அவருடைய பெயரே அதற்காகத்தான் விலைபோனது. அந்த மனிதர் தலைமையில் உட்கார்ந்த குழு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து ஈர ஆண்டுகளின் நீரோட்டத்தை வைத்துக் கொலராடோவின் சராசரியை எண்ணிவிட்டது. அவ்வளவு தண்ணீர் அந்த ஆற்றில் நீண்ட காலச் சராசரியில் இல்லை. அரசின் நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த இ.சி. லாரூ, பாசனம் கோரும் நிலம் எல்லாவற்றுக்கும் ஆறு போதாது என்று அதற்கு முன்பே எழுதியிருந்தார். ஒப்பந்தம் பங்கிட்டது காகிதத்தில் இருந்த ஆற்றை. இன்று அந்த அணையின் நீர்த்தேக்கமான மீட் ஏரியின் கரையில் தெரியும் வெள்ளைப் பட்டையில் அதன் விளைவைப் பார்க்கலாம்.

ஏன் இப்படி நடந்தது? அவருக்குத் தெரியாமல் இல்லை என்றுதான் நினைக்கிறேன். சுரங்கத்தில் மாதிரியைக் கூட்டிச் சொன்னால் உங்கள் பணம் போகும். பேச்சுவார்த்தை அறையில் ஆற்றைக் கூட்டிச் சொன்னால் எல்லாருக்கும் பங்கு கிடைக்கும், கையெழுத்து விழும், அமைச்சர் வெற்றியோடு ஊர் திரும்புவார். இழப்பு வேறு தலைமுறையின் கணக்கில் எழுதப்படும்.

ஜனவரி 17, பின்னிரவு

ஒன்று விட்டுவிட்டேன். அந்த ஆற்றங்கரையில் பல நூற்றாண்டுகளாக வாழும் பழங்குடிகளுக்கு அந்த அறையில் நாற்காலி இல்லை. பழங்குடிகளுக்கு அமெரிக்க அரசு பட்ட கடமைகளை இது பாதிக்காது என்று ஒரே வாக்கியத்தில் ஒரு பிரிவு, அவ்வளவுதான். ஆற்றின் வால் பகுதியில் இருக்கும் மெக்சிகோவும் அறைக்கு வெளியேதான் நின்றது; அதற்கு 1944இல்தான் ஒப்பந்தம் வந்தது.

ஜனவரி 18

எதிர்பார்த்தபடி காவிரி வந்துவிட்டது. பெங்களூருவில் உட்கார்ந்து தமிழில் நதியைப் பற்றி எழுதினால் வராமல் போகுமா? சென்னை மாகாணமும் மைசூரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 1924 பிப்ரவரியில். கொலராடோவுக்குப் பதினைந்து மாதம் கழித்து. எங்களில் பலருக்குப் பெங்களூருவில் காவிரிக் கலவரம் நடந்த 1991 டிசம்பர் நினைவிருக்கிறது. கடைப்பலகையில் தமிழ் எழுத்தை இரவோடு இரவாகச் சுண்ணாம்பு பூசி மறைத்தவர்களை நான் அறிவேன். யாருக்கு எத்தனை டி.எம்.சி. என்ற சண்டையை இங்கே தொடர வேண்டாம். கேட்ட நண்பருக்கு ஒரே வரி: வறண்ட ஆண்டில் என்ன செய்வது என்பதை நல்ல ஆண்டிலேயே எழுதிவைக்காத ஒப்பந்தம் எதுவானாலும் வறண்ட ஆண்டில் தெருவுக்கு வரும், அங்கே கடைப்பலகைகள்தான் முதலில் அடிவாங்கும்.

கூடவே ஒரு திருத்தம். காவிரி மின்சாரம் முதலில் பெங்களூருக்கு வந்ததாக ஒருவர் எழுதியிருக்கிறார். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து போன கம்பி நேராகக் கோலார் தங்கவயலுக்குத்தான் போனது. பெங்களூருக்கு விளக்கு 1905இல்தான். அந்த மூன்றாண்டுப் பெருமையை நாங்கள் யாருக்கும் விட்டுத்தர மாட்டோம்; வெளிச்சம் அன்று வெள்ளைக்காரர் பங்களாவில்தான் எரிந்தது என்பது வேறு கதை.

ஜனவரி 20

"அமெரிக்கா எதற்கு, நம் விஸ்வேஸ்வரய்யா இல்லையா?" நியாயமான கேள்வி. பொறியாளராக இருந்து 1912 முதல் 1918 வரை மைசூர் திவானாக இருந்தவர். கண்ணம்பாடி அணை, பத்ராவதி இரும்பாலை, மைசூர் வங்கி, மைசூர்ப் பல்கலைக்கழகம் என்று அவர் தொட்டதெல்லாம் நிலைத்து நின்றது. அவர் விலகியதன் பின்னணியையும் பாருங்கள். பிராமணரல்லாதாருக்கு அரசு வேலையில் இடம் ஒதுக்க வேண்டும் என்ற கோரிக்கையை மகாராஜா ஏற்க முனைந்தார். தகுதியும் திறமையும் கெடும் என்று திவான் கருதினார். அந்தக் கோரிக்கையை ஆராய மில்லர் குழு அமைந்த அதே 1918இல் அவர் பதவி விலகினார்.

ஹூவரும் இவரும் ஒன்று என்று சொல்லவில்லை. இவருக்குச் சொந்தச் சுரங்கமும் பங்குச்சந்தையும் கிடையாது. ஆனால் இருவரிடமும் ஒரே வகை அளவுகோல் இருந்தது. திறமை என்பது ஓர் ஆளிடம் ஏற்கெனவே இருக்கும் சரக்கு, அதை அளந்து எடுக்க வேண்டியதுதான் என்ற நம்பிக்கை அது. பள்ளிக்கூடத்தையே காட்டாமல் ஒதுக்கப்பட்டவனின் சரக்கை எந்த அசே அலுவலகம் அளக்கும்?

ஜனவரி 23

1927 மிசிசிப்பி வெள்ளத்தைச் சொல்லாமல் அமைச்சர் ஹூவரின் கதை முடியாது. அவரை அதிபர் நாற்காலிக்குக் கொண்டுபோனது அந்த வெள்ளம்தான். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். ரயிலில் கரையோரமாகச் சென்றுகொண்டே, செஞ்சிலுவைச் சங்கத்தையும் ரயில் கம்பெனிகளையும் கடற்படையையும் ஒருங்கிணைத்து, ஊருக்கு ஊர் கூடாரம் எழுப்பவைத்தார். பெல்ஜியத்தில் பழகிய கை அது. பத்திரிகைகள் கொண்டாடின.

கிரீன்வில் என்ற ஊரில் ஆயிரக்கணக்கான கறுப்பினக் குத்தகை விவசாயிகள் கரைமேட்டில் தவித்தார்கள். அவர்களை ஏற்றிச்செல்லப் படகுகள் வந்தன. ஏற்றவில்லை. போனால் திரும்பி வரமாட்டார்கள், பருத்திக்கு ஆள் கிடைக்காது என்று தோட்ட முதலாளிகள் தடுத்தார்கள். துப்பாக்கிக் காவலில் கரையில் வேலை வாங்கினார்கள். மார்பில் சீட்டு குத்தியிருந்தால்தான் உணவு. எங்களுக்கும் டோக்கன் உண்டு. அந்த டோக்கன், ஷிஃப்ட் முடிந்து யார் மேலே வரவில்லை என்று தெரிந்துகொள்வதற்காக. கிரீன்வில் சீட்டு, யார் வெளியே போகக்கூடாது என்பதற்காக.

செய்தி வெளியே கசிந்ததும் ஹூவர், கறுப்பினத்தவருக்கான டஸ்கிகீ கல்லூரியின் தலைவர் ராபர்ட் மோட்டன் தலைமையில் கறுப்பினத்தவர் குழு ஒன்றை அமைத்தார். குழு பார்த்ததை எழுதிக் கொடுத்தது. அந்தக் கடுமையான பகுதிகள் வெளிச்சத்துக்கு வரவில்லை. தோட்ட நிலத்தைப் பிரித்துச் சிறு விவசாயிகளுக்குக் கொடுக்கும் திட்டம் ஒன்றை மோட்டனுக்குக் கோடிகாட்டி, தேர்தல் வரை அமைதியாக இருக்க வைத்தார்கள். ஹூவர் வென்றார்; திட்டம் வரவில்லை; 1932இல் மோட்டன் அவரைக் கைவிட்டார்.

செங்கல்லுக்கும் எஃகுக்கும் வெற்றி தந்த பாணி இங்கே ஏன் தோற்றது? செங்கல் சூளைக்காரரும் ஒப்பந்தக்காரரும் சம பலத்தோடு மேசைக்கு வந்தவர்கள். உடன்பாடு அவர்களுக்கு லாபம். கரைமேட்டில் நின்றவருக்கும் தோட்ட முதலாளிக்கும் நடுவே உடன்பாடு என்று ஒன்று இருக்க முடியாது. அங்கே சட்டமும் காவலும் வேண்டும், அமைச்சர் ஒரு பக்கம் நிற்க வேண்டும். பக்கம் நிற்பது திறமைக்குறைவு என்று பழகிய மனிதர் அவர்.

ஜனவரி 24

கொலராடோவில் கட்டிய அந்தப் பெரிய அணையின் பெயரைப் பற்றிய தகராறுக்கு: 1930இல் உள்துறை அமைச்சர் ரே வில்பர் ஹூவர் அணை என்று பெயரிட்டார், 1933இல் அடுத்து வந்த ஹெரால்டு இக்கஸ் அதைப் போல்டர் அணை ஆக்கினார், 1947இல் காங்கிரஸ் பழைய பெயரையே திருப்பிக் கொடுத்தது. ஆட்சி மாறினால் பெயர்ப்பலகை மாறுவது நம் ஊருக்கு மட்டும் உரிய கலை அன்று.

ஜனவரி 27

தங்கவயல் மாரிக்குப்பத்துப் பெரியவர் ஒருவர், "தம்பி, பொறியாளரை விடு, சுரங்கத்தில் இறங்கிய கூலிக்காரன் எவனாவது அமைச்சராகியிருக்கிறானா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். ஐயா, ஆகியிருக்கிறார்கள். ஹூவர் பதவிக்கு வந்த சமயத்தில் தொழிலாளர் துறையிலிருந்து விலகிய வில்லியம் வில்சன் ஒன்பது வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். 1913இல் அந்தத் துறை தொடங்கியபோது அதன் முதல் அமைச்சரும் அவர்தான். அவர் இடத்துக்கு வந்து ஹூவரோடு ஒரே அமைச்சரவையில் அமர்ந்த ஜேம்ஸ் டேவிஸ் இரும்பு உலையில் வெந்தவர். பிரிட்டனில் அனைரின் பெவன் 13 வயதில் வேல்ஸ் சுரங்கத்துக்குப் போனவர். 1945இல் சுகாதார அமைச்சரானார். அவர் ஊரான டிரெடிகரில் தொழிலாளர்கள் சம்பளத்தில் காசு சேர்த்து மருத்துவர் வைத்துக்கொண்ட சங்கம் ஒன்று இருந்தது. அதையே நாடு முழுவதற்கும் விரித்து, 1948 ஜூலை 5இல் தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கினார். பாறைத்தூள் நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் நெஞ்சோடு வரிசையில் நின்றவர்களுக்கு நடுவே வளர்ந்தவரின் வேலை என்று அதைப் பார்த்தாலே தெரியும்.

எங்கள் தங்கவயல் தொகுதியிலிருந்து கம்யூனிஸ்ட்டுகளும் ரிபப்ளிகன் கட்சிக்காரர்களும் சட்டமன்றம் போயிருக்கிறார்கள். வில்சனையும் பெவனையும் பற்றித் தனி இழை தொடங்குவதாக ஒயிட்ஃபீல்டு நண்பர் சொல்கிறார். அங்கே வருகிறேன்.